ஒட்டகமேட்டு பீக்கன்

இந்த ஊர்ல ஏர்போர்ட்டான்னு நீங்களும் கேட்கறீங்க பாருங்க. எல்லாரும் அதைத்தான் கேட்கறாங்க. இருக்குதுங்க. இப்ப அந்த வளைவுல நீலக் கலர்ல ஒரு போர்டு போச்சே, அதுல இருந்தது மீன் இல்லீங்க, விமானம். பெயின்ட் உதிர்ந்து வாலு மட்டும் நிக்குது. ஆலங்கொரை விமான நிலையம். நேத்து வரைக்கும் அதுக்கு நான்தான் பொறுப்பு. பேரு சென்னியப்பன். சொந்த ஊரு காங்கேயம் பக்கம். இந்த மலைக்கு வந்து மீசையே நரைச்சுப்போச்சு.

பையை மடியில வெச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படறீங்க, கீழ வைங்க. பஸ் அடிவாரம் போய்ச் சேர இன்னும் நேரமிருக்கு. தூக்கம் வருதுங்களா? வரலையே? நல்லதாப் போச்சு. இதை யார்கிட்டயாச்சும் சொல்லலைன்னா எனக்கு மண்டை வெடிச்சுரும்.

மாத்திட்டாங்க சார் என்னை. கீழ பழைய சாமானெல்லாம் போட்டு வெச்சிருக்கற கிடங்குக்கு. உடைஞ்ச நாற்காலி, ஓடாத ஃபேன், அதுங்களுக்கெல்லாம் இனிமே நான் மேலதிகாரி. எதுக்குன்னு கேளுங்க. திருடினேனா? குடிச்சுட்டு டூட்டிக்கு வந்தேனா? ஒரு மண்ணும் இல்லீங்க. ஒரு பொம்பளை கேப்டன் டீ குடிக்க மாட்டேன்னுட்டாங்க. எல்லாமே அதுல ஆரம்பிச்சதுதான்.

சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு அப்பறம் சிரிங்க.

மலை மேல ஏர்போர்ட்டுன்னா மேகம் வருமுங்க. சொல்லிக்கிட்டெல்லாம் வராது. இப்ப வெயில் அடிக்கும், நீங்க ஒரு தும்மல் போட்டுட்டு நிமிர்ந்து பார்த்தா ரன்வே காணாமப் போயிருக்கும். கண்ணு தெரியாத அந்த நேரத்துல விமானம் எப்படி ஏறணும், எந்த உயரத்துல எந்தப் பக்கம் திரும்பணும், இதையெல்லாம் எழுதி ஒரு தாள் வெச்சிருப்போம். டிபார்ச்சர் புரொசீஜர்னு பேரு. பைலட்டு வெளிய பார்க்க வேண்டாம், உள்ள இருக்கற கருவியைப் பார்த்துக்கிட்டே அந்தத் தாள் பிரகாரம் போனாப் போதும். எங்க ஏர்போர்ட்டுக்கும் அப்படி ஒரு தாள் உண்டு. ரொம்ப அழகான தாளுங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துக்கும் முந்தி எவரோ ஒரு மகராசன் டைப் அடிச்சது.

அதுல என்ன சொல்லியிருக்குன்னா, நேரா ஏறு, அப்பறம் இடது பக்கம் திரும்பு, ஒட்டகமேட்டு பீக்கனைப் பிடி, அதுக்கு மேல வந்ததும் 'பீக்கன் ஓவர்'னு டவருக்குச் சொல்லு, அதோட மலை முடிஞ்சுது, நீ பாட்டுக்குப் போ. அவ்வளவுதான். பீக்கன்னா ஒண்ணுமில்லீங்க, ஒரு கம்பம். விடாம சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். விமானத்துல இருக்கற முள்ளு அது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பும். எங்க இடது பக்கத்துல ஒட்டகமேடு ரெண்டு திமிலா நிக்கும், நடுவுல ஒரு கணவாய், அந்தக் கணவாய்ல கம்பம். முள்ளு காட்டற பக்கமே போனா ஊசிக்குள்ள நூல் போற மாதிரி நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்துரலாம்.

அந்தக் கம்பத்துல ஒரு சித்திரை மாசம் இடி விழுந்துருச்சு.

எப்பன்னு கேட்டா… என் பொண்ணு தாரணி அப்ப ரெண்டாவதோ மூணாவதோ படிச்சுக்கிட்டிருந்தா. இப்ப நர்ஸு. பார்த்துக்கோங்க.

ஏன் சரி பண்ணலைன்னு கேட்கறீங்க. எல்லாரும் எடுத்த உடனே இதையே கேட்கறாங்க. நாங்க என்ன சும்மாவா இருந்தோம்? எழுதினோமுங்க. அந்தப் பீக்கனுக்கு உதிரி பாகம் செய்யற கம்பெனியே மூடிட்டானாம், தலைமை ஆபிஸ்ல சொல்லிட்டாங்க. சரி, கம்பத்தைத்தான் நிமிர்த்த முடியலை, தாளையாவது மாத்துங்கன்னோம். அதுக்குச் சொன்னாங்க, தாளை மாத்தணும்னா மொதல்ல பீக்கன் வேலை செய்யலைன்னு முறைப்படி நிரூபணம் ஆகணும். அதை நிரூபிக்க சோதனை விமானம் வரணும். வந்து, பீக்கனுக்கு மேல பறந்து பார்த்து, ஆமா இல்லைன்னு எழுதணும். நல்லது, அனுப்புங்கன்னோம். அனுப்பறோம், ஆனா எங்க விமானம் உங்க ஊருக்கு வந்துட்டுத் திரும்பணும்னா பீக்கன் வேலை செய்யணுமே, வேலை செய்யாத பீக்கனை நம்பி எங்க விமானத்தை எப்படி அனுப்பறதுன்னு கேட்டாங்க.

நியாயம்தானுங்களே? நான் அதை ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தேன். அவங்க சொன்னதுல ஒரு ஓட்டை கிடையாது. நிர்வாகம்னா அப்படித்தான் சார் இருக்கணும்.

அதனால தாள் அப்படியே இருந்துச்சு. வருஷா வருஷம் கேட்பாங்க, மாற்றம் ஏதும் உண்டான்னு. மாற்றம் இல்லைன்னு எழுதி அனுப்புவேன். பொய்யா அது? போன வருஷமும் பீக்கன் வேலை செய்யலை, இந்த வருஷமும் செய்யலை. மாற்றம் எங்க இருக்கு?

பீக்கனுக்குன்னு ஒரு ஆளும் இருக்காருங்க. மாதன்னு பேரு, இங்கத்த மலைக்காரர்தான். அந்த உத்தியோகத்தை எடுத்தா தாள்ல கை வைக்கணும், அதனால எடுக்கலை. மனுசன் தினம் ஏறிப் போய், கம்பம் இருந்த இடத்துல கேரட் போட்டு வெச்சிருக்காரு. நல்ல கேரட். எங்க வீட்டுக்கு அதுதான்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. என் காலத்துல ஒரு சின்னக் கீறல் இல்லீங்க ஏர்போர்ட்டுல. எப்படின்னு கேளுங்க. நாங்க முட்டாளா, இல்லாத பீக்கனை நம்பி இடது பக்கம் போய் மலையில முட்டறதுக்கு? எல்லாரும் வலது பக்கம் போவாங்க. வலது பக்கம் பள்ளத்தாக்கு, கீழ அணை. அணைத் தண்ணி கண்ணுக்குத் தெரிஞ்சா அப்படியே அதைப் பிடிச்சுக்கிட்டே ஏறிப் போயிரலாம். குழந்தை கூடப் போகும்.

ஆனா தாள்ல இடதுன்னு இருக்குதே? டவர்ல இருந்து நான் பைலட்டுகிட்ட பேசறது பூராவும் பதிவாகுதே? அதுக்குத்தான் ஒரு முறை வெச்சிருந்தோம். நான் 'தாள் பிரகாரம் புறப்படலாம்'னு சொல்லுவேன். பைலட்டு 'தாள் பிரகாரம் புறப்படறேன்'னு சொல்லுவாரு. சொல்லிட்டு வலது பக்கம் திரும்புவாரு. அணை தாண்டினதும் 'பீக்கன் ஓவர்'ம்பாரு. நான் 'பீக்கன் ஓவர், வணக்கம்'பேன். ஒரு கம்பம் இல்லை, ஒரு சிக்னல் இல்லை, அது இருக்கற பக்கமே அவர் போகலை, ஆனா கேட்கறதுக்கு எப்படி இருக்கும்ங்கறீங்க! பதிவைப் போட்டுக் கேட்டா கோயில் மணி மாதிரி இருக்கும். கேப்டன் மேனன்னு ஒருத்தர் வருவாரு, அவர் சொல்ற 'பீக்கன் ஓவர்'ல ஒரு கம்பீரம் இருக்கும் பாருங்க, எனக்கே ஒரு நிமிசம் கம்பம் நிக்குதோன்னு சந்தேகம் வந்துரும்.

மேகம் பூரா அடைச்சுக்கிட்டா? அணையும் தெரியலைன்னா? அதுக்கும் வழி உண்டு. தாள் பிரகாரம் பார்த்தா மேகம் இருந்தாலும் கிளம்பலாம், பீக்கன் இருக்குதே! அதனால மேகத்தைக் காரணம் சொல்ல முடியாது. பைலட்டு என்ன சொல்லுவாருன்னா, 'டாய்லெட் லைட் எரியலை, சரி பண்ணிட்டுக் கிளம்பறேன்'ம்பாரு. மேகம் விலகினதும் லைட் எரிஞ்சுரும். அந்த விமானக் கம்பெனிக்காரன் ஒருநாள் ஒரு இன்ஜினியரையே அனுப்பிட்டான் சார், உங்க ஊருக்கு வந்தா மட்டும் ஏன் எங்க லைட் அணையுதுன்னு பார்க்கறதுக்கு. அவருக்கு டீ வாங்கிக் குடுத்து விசயத்தைச் சொல்லி அனுப்பிச்சோம்.

இங்கதான் டீ வருது. எல்லாமே பெள்ளி அம்மா கடையிலதான். ஏர்போர்ட்டு கேட்டுக்கு வெளிய ஒரே கடை. புதுப் பைலட்டு யார் வந்தாலும் மொத நாள் அங்க கூட்டிட்டுப் போய், டீ, சூடா ரெண்டு பஜ்ஜி, அப்பறம் காதோட காதா, 'இடதுன்னு இருக்கும், வலது போங்க. பீக்கன் ஓவர்னு மட்டும் மறக்காம சொல்லிருங்க.' அவ்வளவுதான் பாடம். எழுத்துல கிடையாது, டவர்ல கிடையாது, போன்ல கிடையாது. டீக்கடையில மட்டும்தான். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஒருத்தர் கூட ஏன்னு திருப்பிக் கேட்டதில்லை. பஜ்ஜி அப்படி இருக்கும்.

இந்த அம்மா வந்தாங்க பாருங்க. கேப்டன் ஷெர்லின். நாகர்கோவில் பக்கமாம். நம்ம தமிழ்ப் பொண்ணுன்னு சந்தோசப்பட்டேனுங்க. மேனன் லீவுல போனதால ஐப்பசி மழையில இவங்களை அனுப்பிட்டாங்க. வந்த அன்னிக்கு நானே இறங்கிப் போய், 'வாங்கம்மா, ஒரு டீ சாப்பிடலாம்'னேன். 'நான் டீ குடிக்க மாட்டேன் சார்'ன்னாங்க. 'காப்பி?' 'அதுவும் இல்லை சார்.' கையில ஒரு பிளாஸ்க்கு. சுடுதண்ணியாம். சரி, பஜ்ஜியாவதுன்னேன். எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்காதாம். நான் என்னங்க பண்ண முடியும்? கையைப் பிடிச்சு இழுத்துட்டா போக முடியும்? பொம்பளைப் புள்ளை. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். ஆனா கடைக்கு வராதவங்ககிட்ட எங்க வெச்சுச் சொல்றது? ஆபிஸ்ல வெச்சுச் சொன்னா அது ஆபிஸ் பேச்சு ஆயிருமே.

மறுநாள் காலையில அவங்க கிளம்பணும். அந்த விமானத்துலதான் என் பொண்ணு.

ஆமாங்க, தாரணி. ஒரே பொண்ணு. ஜெர்மனியில ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருந்துச்சு. அந்த ஊர் பாசையெல்லாம் படிச்சு, பரீட்சை எழுதி, விசா வாங்கி, அத்தனையும் அவளே. அன்னிக்கு ராத்திரி சென்னையிலிருந்து அவளுக்குப் பெரிய ப்ளைட்டு. பஸ்ல போயிருக்கலாம், ஆனா ரெண்டு நாள் மழையில இந்த ரோட்டுல மண்சரிவு, இப்ப நாம தாண்டி வந்தோமே, ஜேசிபி நின்னுச்சே, அந்த இடம். வேற வழியே இல்லை. எங்க சின்ன விமானத்துல கோயமுத்தூர், அங்கிருந்து சென்னை. இதை விட்டா எல்லாம் போச்சு. வீட்டுல தங்கமணி, என் சம்சாரம், ராத்திரியெல்லாம் தூங்காம முறுக்கு சுட்டுக் கட்டிக் குடுத்தா. ஜெர்மனிக்கு முறுக்கு!

நானே விமானம் வரைக்கும் போய் ஏத்தி விட்டேன். ஷெர்லின் அம்மா படியில நின்னாங்க. 'என் பொண்ணும்மா, பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க'ன்னேன். 'கண்டிப்பா சார்'ன்னு அவ தோள்ல கை வெச்சுச் சிரிச்சாங்க. நல்ல பொண்ணாட்டம்தான் இருந்தாங்க அப்ப.

நான் டவருக்கு ஏறினேன். ஏறி முடிக்கறதுக்குள்ள மேகம் வந்து கொட்டிருச்சு. அணை தெரியலை. ரன்வே பாதி தெரியலை. இந்தப் பக்கம் ஒட்டகமேடே தெரியலை. மேனனா இருந்தா உடனே டாய்லெட் லைட் அணைஞ்சிருக்கும். நான் காத்துக்கிட்டிருக்கேன், இந்த அம்மா கூப்பிட்டு, 'டவர், மேகம் விலகற வரைக்கும் நிக்கறேன்'னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பதிவுல!

'கேப்டன், தாள் பிரகாரம் புறப்படத் தடை ஒண்ணும் இல்லையே'ன்னேன்.

'தாள்ல பீக்கனைப் பிடிக்கணும்னு இருக்கு சார். எனக்கு பீக்கன் கிடைக்கலை. முள்ளு சும்மா சுத்திக்கிட்டே இருக்கு.'

யாருக்குங்க கிடைச்சுது இத்தனை வருசமா? ஒருத்தராவது இப்படிப் பட்டவர்த்தனமாச் சொன்னாங்களா? நான் குறிப்பு காட்டறேன், 'டாய்லெட் லைட்டெல்லாம் சரியா எரியுதுங்களாம்மா?'ன்னு கேட்டேன். 'அது நல்லா எரியுது சார்'ங்கறாங்க. மறுபடி கேட்டேன், 'நல்லாப் பாருங்கம்மா, எரியாமக் கூட இருக்கும்.' 'எரியுது சார்.' இந்த மாதிரி ஒரு பிடிவாதத்தை நான் பார்த்ததில்லை.

சரின்னு நேராவே வந்தேன். 'தாமதத்துக்கு நான் என்ன காரணம்மா எழுதறது?'ன்னேன். 'பீக்கன் வேலை செய்யலைன்னு எழுதுங்க சார்'ன்னாங்க. அதெப்படிங்க எழுத முடியும்? போன மாசம்தான் மாற்றம் இல்லைன்னு எழுதி அனுப்பியிருக்கேன். குறை இல்லாத சின்ன ஏர்போர்ட்டுன்னு எங்களுக்குக் கேடயம் குடுத்திருக்காங்க, என் மேஜைக்குப் பின்னாடிதான் மாட்டியிருக்கு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இந்தப் புள்ளைக்குச் சென்னை ப்ளைட்டு போயிருமேன்னு எனக்குள்ள தவிப்பு. இவங்க பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருந்தா அவ ஜெர்மனி கனவு அவ்வளவுதான். மேகத்துல எங்கயாச்சும் ஒரு ஓட்டை கிடைக்காமயா போகும், கிடைச்சதும் எல்லாரையும் போல வலது பக்கம் போயிருவாங்கன்னு நானா நினைச்சுக்கிட்டேன். டீ குடிக்காதவங்களுக்கு வலது பக்கம் எப்படித் தெரியும்னு அந்த நேரத்துல எனக்குத் தோணவே இல்லீங்க.

'கேப்டன், பீக்கன் சேவையில இருக்கு. தாள் செல்லும். மாற்றம் இல்லை'ன்னு சொன்னேன்.

அப்பறம் அந்த அம்மா ரொம்ப நிதானமாக் கேட்டாங்க. 'அப்ப நான் தாள் பிரகாரம் புறப்படலாம்ங்கறீங்க?'

'புறப்படலாம்.'

'இந்த மேகத்துல, நேரா ஏறி, இடது பக்கம் திரும்பணும். அப்படித்தானே சார்?'

'தாள்ல இருக்கற பிரகாரம்'னேன்.

'நீங்க பத்திரமாக் கூட்டிட்டுப் போகச் சொன்ன உங்க பொண்ணு மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க சார். இடது பக்கம் திரும்பறேன். சரிதானே?'

பாருங்க சார், எப்படிப் பேச்சு! குடும்பத்தை இழுக்கலாமா டவர் பேச்சுல? ஆனாலும் சொன்னேனுங்க. 'தாள் பிரகாரம்'னு சொன்னேன். பழக்கம். வாய் அதுவாச் சொல்லிருச்சு.

'புறப்படறேன்'னாங்க.

இன்ஜின் சத்தம் ஏறுது. எனக்கு விமானம் தெரியலை, மேகத்துக்குள்ள ரெண்டு விளக்கு மட்டும் மங்கலா. சத்தம் ஏறுது, ஏறுது. இவங்க நிஜமாவே இடது பக்கம்தான் திரும்பப் போறாங்கன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எழுதியிருக்கற மாதிரியே செய்யற ஆளை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லீங்க! மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, தமிழ்ல, கத்தினேன்: 'அம்மா தாயே, வேண்டாம்! இடது பக்கம் திரும்பாதீங்க! அங்க மலை இருக்குது! பீக்கன் இல்லை, செத்து எத்தனையோ வருசம் ஆச்சு! நில்லுங்க! என் புள்ளை இருக்கு அதுல!'

சத்தம் அடங்கிருச்சு.

நான் அழுதுட்டேனுங்க. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அந்த டவர்ல தரையில உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா குரல் வந்துச்சு. 'பிரேக்கை நான் எடுக்கவே இல்லை சார். உங்க வாயால ஒரு தடவை கேட்கணும்னுதான் இருந்தேன். இப்ப மேகம் விலகற வரைக்கும் நிக்கலாமா?' நில்லுங்கம்மான்னேன். வேற என்ன சொல்றது?

பார்த்தீங்களா சூழ்ச்சியை? ஒரு பெத்தவன் வயித்துல கையை விட்டு, பதிவு ஓடறப்ப உண்மையை வரவழைச்சுட்டாங்க. ஒரு டீ குடிச்சிருந்தா இத்தனைக்கும் வேலையே இருந்திருக்காது.

மதியத்துக்கு மேகம் விலகுச்சு. அணை பளிச்சுனு தெரிஞ்சுது. வலது பக்கமாவே போனாங்க. அணை தாண்டினதும் நான் காத்துக்கிட்டிருக்கேன், 'பீக்கன் ஓவர்' சொல்லுவாங்கன்னு. 'அணை தாண்டிட்டேன்'னாங்க. என் சர்வீஸ்ல மொத தடவையா அந்த வார்த்தையைக் கேட்டேன். என்னவோ கெட்ட வார்த்தை மாதிரி இருந்துச்சு. தாரணிக்குச் சென்னையில ஓட்டமா ஓடிப் போய் ப்ளைட்டு கிடைச்சிருச்சு, அது வரைக்கும் சாமி புண்ணியம்.

அப்பறம் விசாரணை. மூணு பேர் வந்தாங்க, ரோட்டு வழியா. பதிவை நாலஞ்சு தடவை போட்டுக் கேட்டாங்க. நான் எல்லாத்தையும் சொல்லிரலாம்னுதான் இருந்தேன், ஆனா பீக்கனைப் பத்தி ஒருத்தரும் கேட்கவே இல்லீங்க. அவங்க கேட்டது பூரா என்னன்னா, அனுமதிக்கப்பட்ட சொற்களுக்குப் பதிலா 'அம்மா தாயே'ன்னு ஏன் சொன்னீங்க, அமல்ல இருக்கற தாளுக்கு விரோதமா ஏன் உத்தரவு குடுத்தீங்க, இடது பக்கம் திரும்பக்கூடாதுன்னு சொல்ல உங்களுக்கு அதிகாரம் யார் குடுத்தா. அதுல தப்பு சொல்ல முடியாதுங்க, மூணும் சரியான கேள்விதான். ஷெர்லின் அம்மாவுக்கும் ஒரு நோட்டீஸ் வந்துச்சு, கட்டாயமாச் சொல்ல வேண்டிய 'பீக்கன் ஓவர்' அறிவிப்பைச் சொல்லலைன்னு. அவங்க என்ன பதில் குடுத்தாங்களோ, இப்ப வேற ரூட்டுல ஓட்டறாங்கன்னு கேள்வி.

தாளா? தாள் அப்படியேதான் இருக்கு. எனக்குப் பதிலா ஒரு சின்ன வயசுக்காரரைப் போட்டிருக்காங்க, பரந்தாமன்னு. நல்ல தங்கமான மனுசன். நேத்து அவரைப் பெள்ளி அம்மா கடைக்குக் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். டீ குடிக்காத ஆளை மட்டும் ஜாக்கிரதையாப் பார்த்துக்கோங்கன்னு தனியாச் சொல்லியிருக்கேன். அது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

மாத்தினதுக்கு எனக்கு வருத்தமில்லீங்க. நிசமா இல்லை. சர்க்கார் உத்தியோகத்துல இது சகஜம். எனக்கு ஆறாத வருத்தம் வேற ஒண்ணு. விசாரணையில கூட அதைச் சொல்லலை. உங்ககிட்ட சொல்றேன், நீங்க நியாயம் சொல்லுங்க.

மேகம் விலகற வரைக்கும் எல்லாரையும் விமானத்துலேர்ந்து இறக்கி ஏர்போர்ட்டுக்குள்ள உட்கார வெச்சிருந்தாங்க, அப்ப நடந்தது. ஷெர்லின் அம்மா பயணிங்ககிட்ட மறைக்காம சொல்லிட்டாங்க போல, இடது பக்கம் மலை, அங்க கருவி வேலை செய்யலை, டவர்ல இப்பத்தான் சொன்னாங்க, அதனால நிக்கறோம்னு. நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இறங்கி ஓடி வந்தேன். தாரணி பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. பக்கத்துல கால்ல கட்டுப் போட்ட ஒரு பெரியவர், எஸ்டேட்டுக்காரங்க நாலஞ்சு பேர், அப்பறம் கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. முறுக்குப் பையைப் பிரிச்சு அந்தப் பெரியவருக்குக் குடுத்துக்கிட்டிருந்தா. நான் போய் அவ தலையைத் தடவினேன். உயிரோட இருக்கா என் புள்ளை, அது போதும் எனக்கு.

அவ என் கையைப் பிடிச்சு மெதுவா விலக்கிட்டுக் கேட்டா. 'அப்பா, அந்தப் பீக்கன் இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?'

'தெரியும் கண்ணு. எல்லாருக்கும் தெரியுமே'ன்னேன்.

'இன்னிக்கு நான் இதுல ஏறலைன்னா, அவங்ககிட்ட சொல்லியிருப்பீங்களா?'

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. என்ன புள்ளை இது, இப்படி ஒரு கேள்வி. 'நீ இல்லைன்னா நான் எதுக்குச் சாமி வாயைத் தொறக்கப் போறேன்?'னேன். எவ்வளவு ஆசையாச் சொன்னேன் தெரியுங்களா! உத்தியோகம் போனாலும் பரவால்லைன்னு கத்தினது உனக்காகத்தான் கண்ணுன்னு, அவ அதைத் தெரிஞ்சுக்கணும்னுதான் சொன்னேன்.

அவ என்னைப் பார்த்தா. அப்பறம் அந்தக் கைக்குழந்தைக்காரப் பொண்ணைப் பார்த்தா. எழுந்து போய் அந்தக் குழந்தையை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டா. ஏறறப்பவும் திரும்பிப் பார்க்கலை. நான் டவர்லேர்ந்து கையை ஆட்டிக்கிட்டே நின்னேன்.

போய் மாசக் கணக்காச்சு. அவங்கம்மாகிட்ட மட்டும் பேசறா. நான் பக்கத்துல வந்தா, 'அப்பா வந்துட்டாங்களா, சரிம்மா, வெச்சுடறேன்'ங்கறா. தங்கமணிகிட்ட கேட்டேன், என்னதான்டி சொல்றா என்னைப் பத்தின்னு. துருவித் துருவிக் கேட்டப்பறம் சொன்னா.

நீங்களே சொல்லுங்க சார். இத்தனை வருசத்துல எத்தனை பேர் அந்த ரன்வேயில ஏறிப் போயிருப்பாங்க, அதுல ஒருத்தருக்காவது நான் வாயைத் தொறந்திருப்பேனா? அவ ஒருத்திக்காக மட்டும்தானுங்களே தொறந்தேன். அதுதான் தப்புன்னு சொல்றாளாம்.